முகமூடிக்காரனின் தோழன்



கௌபாய் படம் என்று சொன்னாலே நம்மில் பலருக்குப் பழைய நாள் கண்முன் வந்து நிற்கும். பொது மண்டபத்தில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளை டெலிவிஷன் பெட்டி. முன்வரிசையில் தரையில் பிள்ளைகள், பின்னால் பெரியவர்கள், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தாமதமாக வந்தவர்கள். குதிரை ஓடும் சத்தம் கேட்டால் போதும், சின்னது பெரியது எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாத பாட்டிகூட, தொப்பியின் நிறத்தைப் பார்த்தே இவன் நல்லவன், அவன் பொல்லாதவன் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

அந்தக் குதிரைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 'போனான்ஸா' தொடரில் பீப்பாய் உடம்பும் பச்சைப்பிள்ளை மனசுமாக வந்த டான் பிளாக்கர் 1972-ல், 43 வயதிலேயே காலமானார். தகப்பனாராக வந்த லோர்ன் கிரீன் 1987-ல் மறைந்தார். கடைக்குட்டி மகனாக வந்த மைக்கேல் லாண்டன் 1991-ல் போனார். 'கன்ஸ்மோக்' தொடரின் நெட்டை மனிதர் ஜேம்ஸ் ஆர்னெஸ் 2011 வரை வாழ்ந்து கண்ணை மூடினார்.

இவர்கள் எல்லாரும் கதாநாயகர்கள். இவர்களைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்த வாரம் நாம் எழுத வந்தது கதாநாயகனைப் பற்றி அல்ல, கதாநாயகனுக்குப் பக்கத்தில் எட்டு வருஷம் குதிரை ஓட்டியவரைப் பற்றி. பாதி வேலையைச் செய்தவர் அவர். ஆனால் தொடரின் பெயரில் அவருக்கு இடம் இல்லை. தொடரின் பெயர் 'லோன் ரேஞ்சர்', அதாவது தனித்த காவலன். ஆளோ தனியாக ஒருநாளும் இல்லை! கூடவே இருந்தவர் டோன்டோ. அந்த வேடத்தைக் கட்டியவர் ஜே சில்வர்ஹீல்ஸ்.

ஆற்றங்கரையில் பிறந்தவர்

அமெரிக்கப் படங்களில் பெயர் வாங்கினாலும் அவர் பிறந்தது கனடாவில். ஒன்டாரியோ மாநிலத்தில் கிராண்ட் ஆறு என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் 'ஆறு இனத்தார்' என்ற பூர்வகுடி மக்களின் ஒதுக்கு நிலம் இருக்கிறது. மோஹாக், ஒனைடா, ஒனொன்டாகா, கயூகா, செனகா, டஸ்கரோரா ஆகிய ஆறு இனத்தாரும் கூடி வாழும் இடம். 1912-ம் ஆண்டு மே மாதம் 26-ந் தேதி அங்கே பிறந்தவருக்கு வைத்த பெயர் ஹெரால்டு ஸ்மித். பதினொரு பிள்ளைகள் உள்ள பெரிய குடும்பம். மோஹாக் இனத்தவர் என்றே உலகம் அவரை அறிந்தது.

செவ்விந்தியர் என்றுதான் நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். அது அவர்களுக்கு மற்றவர் வைத்த பெயர். அவர்களுடைய சொந்தப் பெயர்கள் வேறு, மொழிகள் வேறு, பழக்கவழக்கங்கள் வேறு. படத்தில் பார்த்ததை வைத்து, செவ்விந்தியர் என்றாலே தலையில் இறகு, கையில் கோடரி, குதிரை மேல் கூச்சல் என்று நாம் நினைத்துவிட்டோம். மோஹாக் மக்கள் குதிரை மேல் எருமை விரட்டிய கூட்டமே அல்ல. மண்ணை நம்பியவர்கள். சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் சேர்த்து விதைத்து, அவற்றை மூன்று சகோதரிகள் என்று பாசமாகச் சொன்னவர்கள். பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் நீண்ட வீடுகளைக் கட்டியவர்கள். நம்ம லயத்து வாழ்க்கையை நினைத்துக்கொண்டால் இது நமக்கு எளிதில் விளங்கும்.

அந்த நிலத்துக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்கச் சுதந்திரப் போரில் இந்த மக்களில் பலர் பிரிட்டிஷ் பக்கம் நின்று போராடிச் சொந்த மண்ணை இழந்தார்கள். அதற்கு ஈடாக 1784-ல் கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறு ஆறு மைல் அகலத்துக்கு நிலம் தருவதாகப் பிரிட்டிஷ் ஆளுநர் எழுதிக் கொடுத்தார். விற்றும் பிடுங்கியும் கைமாறியும் போய், கொடுத்ததில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இன்று அவர்கள் கையில் இல்லை.

ஹெரால்டின் தகப்பனார் கனடாப் படையில் கேப்டன். முதல் உலகப் போரில் பிரான்ஸ், பெல்ஜியப் போர்க்களங்களில் காயம்பட்டு, வீரத்துக்காக விருது வாங்கியவர். இப்படி இரத்தம் சிந்திய மக்கள் பிறந்த நாட்டில் எப்படி நடத்தப்பட்டார்கள்? கனடாவின் பூர்வகுடியினர் எல்லாரும், தங்கள் சட்ட உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்ற நிலை 1960-ல்தான் வந்தது. அந்த வருஷம் நம் ஹெரால்டுக்கு வயது 48.

வலைமட்டையும் பந்தும்

பையன் படிப்பில் எப்படியோ, ஓட்டத்தில் புலி. அந்த மக்களுக்கு லாக்ரோஸ் என்று ஒரு விளையாட்டு உண்டு. நீண்ட கம்பின் நுனியில் வலை கட்டி, அந்த வலையில் பந்தை ஏந்தி ஓடி, எதிரி எல்லைக்குள் எறிய வேண்டும். வெறும் விளையாட்டல்ல அது. படைத்தவன் பார்த்து மகிழக் கொடுத்த விளையாட்டு என்பது அவர்கள் நம்பிக்கை. ஊரில் நோய் வந்தால் அது தீர வேண்டும் என்று ஆடுவதும் உண்டு. பிரெஞ்சுக்காரன் பெயர் வைத்தான், வெள்ளைக்காரன் விதிமுறை எழுதினான். ஆனால் ஆட்டம் இவர்களுடையது.

1930-களின் தொடக்கத்தில் கனடாவில் ஐஸ் ஹாக்கி மண்டபங்கள் கோடைக்காலத்தில் சும்மா கிடந்தன. அவற்றுக்குள் லாக்ரோஸ் ஆடவிட்டு டிக்கெட் போட்டுக் காசு பார்க்கலாம் என்று முதலாளிகள் கண்டுபிடித்தார்கள். ஆட்டக்காரர்கள் தேவைப்பட்டார்கள். ஒதுக்கு நிலத்து இளைஞர்களுக்கு அது ஒரு வழியாயிற்று. ஹாரி ஸ்மித் என்ற பெயரில் நம்மவர் டொரன்டோ, பஃபலோ, ராச்செஸ்டர் என்று ஊர் ஊராக ஆடினார். அவர் ஓடும் வேகத்தையும் குதிகால் மின்னுவதையும் பார்த்து வந்ததுதான் சில்வர்ஹீல்ஸ், வெள்ளிக் குதிகால் என்ற பட்டப்பெயர். பிற்காலத்தில் அதையே தம் சொந்தப் பெயராக்கிக்கொண்டார்.

குத்துச்சண்டையிலும் கெட்டிக்காரர். 1938-ல் கோல்டன் கிளவ்ஸ் போட்டியில் நடுத்தர எடைப் பிரிவில் இரண்டாம் இடம் வந்தார்.

அதற்கு முந்தின வருஷம், 1937-ல், லாக்ரோஸ் குழுவோடு லாஸ் ஏஞ்சலஸ் போயிருந்தார். ஜோ பிரவுன் என்று வாய் அகன்ற ஒரு நகைச்சுவை நடிகர் அந்தக் காலத்தில் பிரபலம். அவர் இந்த இளைஞனின் உடற்கட்டையும் முகக்களையையும் பார்த்து, படத்தில் முயன்று பார் என்று தூண்டிவிட்டார். ஹாலிவுட் வாசல் இப்படித் திறந்தது. ஆனால் திறந்தது முன்வாசல் அல்ல, பின்கட்டு.

பூச்சு பூசிய முகங்கள்

கூட்டத்தில் ஒருவராக நிற்பது, குதிரையிலிருந்து உருண்டு விழுவது, கதாநாயகன் சுட்டதும் செத்துக் கிடப்பது: பத்து வருஷத்துக்கு மேல் இதுதான் தொழில். எத்தனை படங்களில் செத்தார் என்று அவருக்கே கணக்கு இருந்திருக்காது.

அந்தக் கால ஹாலிவுட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். செவ்விந்தியத் தலைவன், தலைவன் மகள் என்று கொஞ்சம் வசனம் உள்ள வேடம் வந்தால், அதை வெள்ளைக்கார நடிகருக்குக் கொடுத்து, முகத்தில் பழுப்புச் சாயம் பூசிவிடுவார்கள். உண்மையான பூர்வகுடி நடிகர் பின்னால் நின்று ஈட்டி பிடிப்பார்.

அப்படி இருந்தும் தட்டித் தட்டி மேலே வந்தார் சில்வர்ஹீல்ஸ். 1947-ல் 'கேப்டன் ஃப்ரம் கேஸ்டீல்' படத்தில் சொல்லும்படியான ஒரு வேடம் கிடைத்தது. 1948-ல் ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த 'கீ லார்கோ'வில், புயலுக்கும் போலீசுக்கும் இடையே மாட்டிக்கொள்ளும் இரண்டு சகோதரர்களில் ஒருவராக வந்தார். 1950-ல் 'புரோக்கன் ஏரோ' வந்தது. பூர்வகுடி மக்களை மனிதர்களாகக் காட்டிய படம் என்று அன்றைக்குப் பெயர் வாங்கிய படம் அது. அதில் சமாதானத்தை ஏற்க மறுத்து வெளியேறும் ஜெரோனிமோவாகச் சில்வர்ஹீல்ஸ் நடித்தார். சின்ன வேடம்தான், ஆனால் பார்த்தவர் கண்ணை விட்டு அகலாது. பெரிய தலைவன் கொச்சீஸ் வேடம் யாருக்குப் போயிற்று? ஜெஃப் சாண்ட்லர் என்ற வெள்ளைக்காரருக்கு. ஆஸ்கார் பரிந்துரையும் அவருக்குத்தான். பூர்வகுடி மக்களை மதிக்க வேண்டும் என்று சொன்ன படத்திலேயே நிலைமை இப்படி என்றால் மற்றப் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

வெள்ளைக் குதிரையும் திட்டுக் குதிரையும்

'லோன் ரேஞ்சர்' முதலில் ரேடியோக் கதை. 1933-ல் டெட்ராய்ட் நகரத்து ரேடியோ நிலையம் ஒன்றில் தொடங்கியது. டெக்சாஸ் காவலர் ஆறு பேரைப் பாறை இடுக்கில் மறித்துக் கொள்ளைக் கூட்டம் சுட்டுத் தள்ளுகிறது. ஒருவனுக்கு மட்டும் உயிர் இருக்கிறது. அந்த வழியாக வந்த டோன்டோ அவனைத் தூக்கி, புண்ணைக் கழுவி, உயிர் பிழைக்க வைக்கிறான். செத்தவர்களைப் புதைத்துவிட்டு, எல்லாரும் செத்தார்கள் என்று பகைவர் நம்பட்டும் என்பதற்காக ஆறாவதாக ஒரு காலிக் குழியும் எழுப்புகிறான். பிழைத்தவன் முகமூடி கட்டிக்கொண்டு, வெள்ளித் தோட்டா போட்ட துப்பாக்கியோடு, ஏழை எளியவருக்காக ஊர் ஊராகப் போகிறான்.

கதையை நன்றாகக் கவனியுங்கள். டோன்டோ இல்லையென்றால் கதாநாயகனே இல்லை. ஆனால் டோன்டோ கதைக்குள் வந்த காரணம் என்ன தெரியுமா? ரேடியோவில் தனியாகக் குதிரை ஓட்டுகிறவன் யாரோடு பேசுவான்? பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அதற்காகச் சில வாரம் கழித்துச் சேர்த்த பாத்திரம் அது. ரேடியோவில் டோன்டோவாகப் பேசியவரும் ஜான் டாட் என்ற வெள்ளைக்காரர்தான்.

1949-ல் அதை டெலிவிஷனுக்குக் கொண்டுவந்தபோது, முகம் தெரிய வேண்டுமே! உண்மையான பூர்வகுடி நடிகரைத் தேடினார்கள். சில்வர்ஹீல்ஸ் தேர்வானார். முகமூடிக்காரனாக வந்தவர் கிளேட்டன் மூர். 1949 செப்டம்பர் மாதம் ஏ.பி.சி. நிறுவனத்தில் தொடர் ஆரம்பித்தது. டெலிவிஷனுக்கென்றே எடுக்கப்பட்ட முதல் கௌபாய் தொடர்களில் ஒன்று. 1957 வரை 221 பகுதிகள். கடைசி வருஷத்துப் பகுதிகள் கலரில் எடுக்கப்பட்டன. 1956-லும் 1958-லும் இரண்டு திரைப்படங்களும் வந்தன.

முகமூடிக்காரனுக்குச் சில்வர் என்ற வெள்ளைக் குதிரை. டோன்டோவுக்கு ஸ்கவுட் என்ற வெள்ளையும் பழுப்பும் திட்டுத் திட்டான குதிரை. அந்த இசை எழும்பி, இரண்டு குதிரையும் பாறைகளுக்கு நடுவே பாயும்போது அமெரிக்காவில் வீடு வீடாகப் பிள்ளைகள் பெட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இடையில், 1952-ல், கிளேட்டன் மூர் விலகியிருந்தபோது ஜான் ஹார்ட் என்ற இன்னொருவருக்கு முகமூடியைக் கட்டி 52 பகுதிகள் எடுத்தார்கள். முகமூடிக்குப் பின்னால் ஆளை மாற்றிவிடலாம். டோன்டோவின் முகத்தில் முகமூடி இல்லையே! அவரை மாற்றும் யோசனையே வரவில்லை. தொடர் தொடராக நிலைத்து நின்றது அந்தத் திறந்த முகத்தால்தான் என்று நாம் சொன்னால் அது மிகையாகாது. 1955-ல் படப்பிடிப்புக் காலத்திலேயே அவருக்கு மாரடைப்பு வந்தது. வயது 43. சில பகுதிகளில் அவர் இல்லாமல், முகமூடிக்காரனின் அண்ணன் மகனை வைத்துச் சமாளித்தார்கள். ஓய்வெடுத்துத் தேறி, திரும்பவும் குதிரை ஏறினார்.

அரைகுறைப் பேச்சு

இனிச் சொல்லப்போவதுதான் மனசை அறுக்கும் விஷயம்.

டோன்டோ வீரன், விசுவாசி, காட்டுத் தடம் பார்ப்பதில் நிபுணன், மருந்து மூலிகை அறிந்தவன். ஆனால் வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம் முழுசாக வராது. எழுதிக் கொடுத்த வசனம் அப்படி. நான் என்று சொல்ல வேண்டிய இடத்தில் என்னை என்பான், வினைச்சொல் பாதியில் நிற்கும், காலம் இருக்காது, இலக்கணம் இருக்காது. பல வருஷம் கூடவே திரிந்தும் பேச்சு மட்டும் தேறவே தேறாது. ஊருக்குள் போய்த் துப்பு விசாரித்து வா என்று முகமூடிக்காரன் அனுப்புவான். போவான். அங்கே நாலு போக்கிரிகளிடம் அடிபட்டுத் திரும்புவான். அடுத்த வாரமும் போவான்.

போதாக்குறைக்கு அந்தப் பெயர். ஸ்பானிய மொழியில் டோன்டோ என்றால் மந்தபுத்திக்காரன் என்று பொருள். அந்த மொழி பேசும் நாடுகளுக்குத் தொடர் போனபோது பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

அந்த வசனத்தைப் பேசியவர் யார்? கோர்வையாக, தெளிவாக, அழகாக ஆங்கிலம் பேசத் தெரிந்தவர். கேப்டனின் மகன். பிற்காலத்தில் தாம் பிறந்த மண்ணை நினைத்துக் கவிதை எழுதி, அதை டெலிவிஷனிலேயே வாசித்துக் காட்டியவர். இப்படிப்பட்ட மனிதர் ஒவ்வொரு நாளும் ஒப்பனை போட்டுக்கொண்டு, தெரிந்த மொழியைத் தெரியாதது போலப் பேசிவிட்டு வீட்டுக்குப் போனார். எட்டு வருஷம்.

தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு இது புதிதா? துரையின் மொழியில் நம் தாத்தாமாருக்குத் தெரிந்தது நாலு சொல். அந்த நாலு சொல்லை வைத்துத்தானே அவர்களுடைய புத்தியை அளந்தார்கள்! அந்த மனிதர்கள் ராத்திரி கோயில் திடலில் உட்கார்ந்து விடிய விடியக் கதை சொல்லக்கூடியவர்கள், தெருக்கூத்துப் பாட்டு முழுக்க மனப்பாடமாகப் பாடக்கூடியவர்கள் என்பது துரைக்கு எங்கே தெரியும்? பேச்சு குறைந்தவன் என்றால் அறிவு குறைந்தவன் என்று நினைப்பது உலகத்தில் எங்கும் உள்ள அநியாயம்.

அவருடைய இனத்து இளைஞர்கள் சிலருக்கே அவர் மேல் கோபம் இருந்தது. 1960-களில் பூர்வகுடி உரிமைப் போராட்டம் சூடுபிடித்தபோது, வெள்ளைக்காரனுக்கு எடுபிடியாகத் தலையாட்டும் ஆளுக்கு டோன்டோ என்று பெயர் வைத்துத் திட்டுகிற அளவுக்குப் போயிற்று. கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வேடத்தை அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாயம் பூசிய இன்னொரு வெள்ளைக்காரர் வந்து அதே அரைகுறை வசனத்தைப் பேசியிருப்பார். குடும்பத்துக்குச் சோறு வேண்டும். மனைவி, மூன்று பெண், ஒரு பையன் என்று வீடு நிறைந்திருந்தது. அந்தச் சோற்றை உண்டவர் அதோடு நின்றாரா என்றுதான் பார்க்க வேண்டும்.

வேலை இல்லாத நாட்கள்

1957-ல் தொடர் நின்றது. ஊருக்கெல்லாம் தெரிந்த முகம். அதுவே அவருக்கு விலங்காயிற்று. எங்கே போனாலும் டோன்டோ. டாக்டராகவோ வக்கீலாகவோ கடைக்காரராகவோ அவரை நினைத்துப் பார்க்க எந்த முதலாளிக்கும் மனம் வரவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்ன வேடங்கள். வருமானம் பற்றாமல் விற்பனையாளர் வேலையும் பார்த்தார்.

நொந்து போய் உட்காரவில்லை. அந்த டோன்டோவையே கேலிப்பொருளாக்கிச் சிரிக்கவைத்தார். 1969-ல் ஜானி கார்சன் நடத்திய இரவு நேர நிகழ்ச்சியில், முகமூடிக்காரன் இல்லாத டோன்டோ வேலை கேட்டு வந்தது போல ஒரு நகைச்சுவை. முப்பது வருஷம் கூடவே இருந்து உழைத்தவன் கணக்குப் பார்க்க வந்தால் எப்படி இருக்கும்? அதுதான் அந்த வேடிக்கை. நாடே சிரித்தது. சிரிப்புக்குள்ளே ஊசி இருந்தது.

பந்தயக் குதிரை வளர்ப்பதிலும் ஓட்டுவதிலும் ஆசை. இரண்டு சக்கர வண்டியில் குதிரை பூட்டி ஓடும் பந்தயத்தில் தாமே ஓட்டினார். ஸ்கவுட்டைப் பந்தயத்தில் விடலாமே என்று யாரோ கேட்டதற்கு, அதைவிட வேகமாகத் தாமே ஓடிவிடுவேன் என்று சொல்லிச் சிரித்தாராம். பழைய வெள்ளிக் குதிகால் அல்லவா!

பயிற்சிக் கூடம்

இப்போது அவர் செய்த பெரிய காரியத்துக்கு வருவோம்.

1950-களில் அமெரிக்க அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. பூர்வகுடி மக்களை ஒதுக்கு நிலங்களிலிருந்து கிளப்பி, வேலை தருகிறோம் என்று பெரிய நகரங்களுக்கு அனுப்பியது. 1956-ல் அதற்குச் சட்டமும் வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர். பழக்கமில்லாத ஊர், சின்ன அறை, கிடைத்த கூலி வேலை. மண்ணை விட்டு நகரத்துக்குப் போனவன் படும் பாடு நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்திலேயே ஹாலிவுட். அங்கே அந்த மக்களுடைய கதையைத்தான் படம் எடுக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வேடம் இல்லை. கேட்டால், நடிக்கத் தெரிந்த செவ்விந்தியர் எங்கே இருக்கிறார்கள் என்று முதலாளிகள் கையை விரிப்பார்கள். வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே ஆளே இல்லை என்று சொல்வது போல!

சில்வர்ஹீல்ஸ் இந்தச் சாக்கைப் பிடுங்கி எறிய நினைத்தார். 1960-களின் நடுவில், தம்மைப் போன்ற வேறு சிலரோடு சேர்ந்து, லாஸ் ஏஞ்சலஸில் எக்கோ பார்க் பகுதியில் பூர்வகுடி நடிகர் பயிற்சிக் கூடத்தை ஏற்படுத்தினார். மேடையில் நிற்பது எப்படி, குரல் எடுப்பது எப்படி, வசனத்துக்கு உயிர் கொடுப்பது எப்படி என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எட்டு வருஷம் அரைகுறை வாக்கியம் பேசிய மனிதர், அடுத்த தலைமுறைக்கு முழு வாக்கியம் பேசக் கற்றுக்கொடுத்தார். பூர்வகுடி வேடத்தைப் பூர்வகுடி நடிகருக்கே கொடு என்று ஓயாமல் வாதாடினார்.

மற்றவன் கிழித்த கோட்டுக்குள் நின்றுதான் அவர் சம்பாதித்தார். சம்பாதித்த பெயரை வைத்து அந்தக் கோட்டை அழிக்கப் பார்த்தார். இதைவிட ஒரு தொழிலாளி வேறு என்ன செய்ய முடியும்?

திரும்பிப் போன சாம்பல்

1970-களின் நடுவில் பக்கவாதம் தாக்கியது. ஓடியே பெயர் எடுத்த உடம்பு படுக்கையில் விழுந்தது. 1979-ல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் நட்சத்திரம் பதித்தார்கள். அந்த மரியாதை பெற்ற முதல் பூர்வகுடி நடிகர் அவர் என்று சொல்கிறார்கள். அடுத்த வருஷமே, 1980 மார்ச் 5-ந் தேதி, கலிஃபோர்னியாவில், முதிய திரைத் தொழிலாளர்களுக்கான இல்லத்தில் காலமானார். வயது 67.

உடலைத் தகனம் செய்தார்கள். சாம்பல் ஹாலிவுட்டில் தங்கவில்லை. கிராண்ட் ஆற்றங்கரைக்கு, அவர் பிறந்த ஒதுக்கு நிலத்துக்கு அதைக் கொண்டுபோனார்கள். 43 வருஷத்துக்கு முன் வலைமட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் சொந்த மண்ணுக்கே திரும்பிவிட்டார். முகமூடிக்காரர் கிளேட்டன் மூர் அவருக்குப் பின் 19 வருஷம் வாழ்ந்து 1999-ல் மறைந்தார். இருவரும் திரைக்கு வெளியிலும் கடைசிவரை நண்பர்கள்.

1993-ல் ஓக்லஹோமா நகரத்துக் கௌபாய் அருங்காட்சியகம் சிறந்த நடிகர் வரிசையில் அவரைச் சேர்த்தது. 1997-ல் கனடா லாக்ரோஸ் சங்கத்தார் தங்கள் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். நடிகருக்கு ஒன்று, ஆட்டக்காரருக்கு ஒன்று.

அவர் நட்ட செடி காய்த்ததா? இரண்டு செய்தி சொல்லி முடிக்கிறோம். 2013-ல் ஹாலிவுட் பெரும் செலவில் 'லோன் ரேஞ்சர்' படத்தைத் திரும்ப எடுத்தது. டோன்டோ வேடம் ஜானி டெப்புக்குப் போயிற்று. பூர்வகுடி நடிகர் ஒருவரும் கிடைக்கவில்லையா என்று பலர் கேட்டார்கள். பழைய நோய் முழுசாகத் தீரவில்லை.

இரண்டாவது செய்தி அதற்கும் முந்தியது. சில்வர்ஹீல்ஸ் பிறந்த அதே ஒதுக்கு நிலத்தில் 1952-ல் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் கிரஹாம் கிரீன், ஒனைடா இனத்தவர். 1990-ல் வந்த 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' படத்தில் லகோட்டா மக்களின் அறிவாளியாக நடித்து ஆஸ்கார் பரிந்துரை பெற்றார். அந்தப் படத்தில் அவர் அரைகுறை ஆங்கிலம் பேசவில்லை. லகோட்டா மொழியிலேயே முழு முழு வாக்கியமாகப் பேசினார். உலகம் கீழே எழுத்தைப் படித்துப் புரிந்துகொண்டது. இந்த முறை மொழி தெரியாமல் தடுமாறியது பார்க்கிறவர்கள்தான்!

தோழர்களே, பழைய கௌபாய் படம் எங்காவது ஓடினால் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். வெள்ளைக் குதிரைக்குப் பக்கத்தில் வரும் திட்டுக் குதிரையைக் காட்டுங்கள். அதன் மேல் இருப்பவர் பேசுகிற பேச்சு அவருடைய பேச்சல்ல, அவருக்கு நன்றாகப் பேசத் தெரியும் என்று சொல்லுங்கள்.